அடிபட்டு வீடு திரும்பின பட்டாளத்துக்காரருக்கு ஊரா சேர்ந்து எப்படி உதவறது

எங்க ஊர் வேலூர் பக்கம். கம்மவான்பேட்டைய மிலிட்டரி பேட்டைன்னே சொல்லுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த ஊர் மட்டும் இல்ல, சுத்துவட்டாரத்துல எந்த தெருவுல நுழைஞ்சாலும் ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் வீடு இருக்கும். எங்க சித்தப்பாவும் பட்டாளம்தான். 2002ல பாகிஸ்தான் பார்டர்ல படைய குவிச்சு வெச்சிருந்த ஆபரேஷன் பராக்ரம் நேரத்துல அங்க கண்ணிவெடி வெடிச்சு இடது கால் முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. எதிர்த்தெருவுல இன்னொரு அண்ணன், அருணாச்சல் பக்கம் மிலிட்டரி வண்டி பள்ளத்துல உருண்டதுல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல, வீல்சேர்தான். இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல இருந்து பாத்ததுல ஊர்க்காரங்க என்ன செஞ்சா உருப்படியா இருக்கும், எது செஞ்சா அவங்களுக்கே பாரமா போயிடும்னு கொஞ்சம் தெரிஞ்சுகிட்டேன், அதத்தான் எழுதறேன்.

சித்தப்பா வீட்டு பீரோல 17 சால்வை இருக்கு. ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஸ்கூல் ஆண்டு விழான்னு போட்டது. ஆனா பாத்ரூம்ல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி வெக்க 6 வருஷம் ஆச்சு. சால்வை போட்டவங்க மேல கோவம் இல்ல, மனசாரத்தான் போட்டாங்க. யாரும் வீட்டுக்குள்ள வந்து பாக்கல, அவ்ளோதான். அதனால நீங்க உதவணும்னு நெனச்சா முதல் வேலை, வசூல் பண்றது இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை சாவகாசமா வீட்டுக்குப் போய் உக்காந்து "அண்ணா, எது கஷ்டமா இருக்கு"ன்னு கேக்கறது. மொத தடவை "ஒண்ணும் இல்லப்பா, நல்லா இருக்கேன்"னுதான் சொல்லுவாங்க, பட்டாளத்துல இருந்தவங்க வாய்ல இருந்து குறை சீக்கிரம் வராது. ரெண்டாவது தடவையும் போங்க. வீட்டம்மாகிட்ட தனியா கேளுங்க, அவங்க சொல்லுவாங்க. போற இடத்துல "எத்தன பேர சுட்டீங்க", "எப்படி வெடிச்சுது"ன்னு மட்டும் தயவு செஞ்சு கேக்காதீங்க, அவரே சொன்னா கேட்டுக்கங்க.

அடுத்தது பேப்பர். இத நான் நீளமா எழுதப்போறேன், ஏன்னா ஊர்ல 20,000 ரூபா வசூல் பண்ணிக் குடுக்கறதவிட, அவருக்கு நியாயமா வரவேண்டிய பென்ஷன் வருதான்னு பாக்கறது பல மடங்கு பெரிய உதவி. அது வாழ்நாள் பூரா வரும், யார்கிட்டயும் கை நீட்டவேண்டியது இல்ல. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ.ன்னு சொல்ற பென்ஷன் ஆர்டர், மெடிக்கல் போர்டு பேப்பர், இந்த மூணையும் எடுத்து வெச்சு பாருங்க. பல வீட்டுல இது ஒரு பழைய டிரங்கு பெட்டில இருக்கும், கரையான் அரிச்சிருக்கும், மொதல்ல எல்லாத்தையும் ஸ்கேன் எடுத்து ரெண்டு பேரு ஃபோன்ல வெச்சுக்கங்க.

அதுல பாக்கவேண்டியது என்னன்னா, மெடிக்கல் போர்டு எத்தன பர்சென்ட் ஊனம்னு போட்டிருக்கு, அந்த அடி சர்வீஸ்னால வந்ததுன்னு ஒத்துகிட்டாங்களா இல்ல சம்பந்தம் இல்லன்னு எழுதிட்டாங்களா. 20 பர்சென்டோ அதுக்கு மேலயோ இருந்து, சர்வீஸ்னால வந்ததுன்னும் இருந்தா டிசபிலிட்டி பென்ஷன் பக்கம் போகலாம். சண்டையிலயோ ராணுவ ஆபரேஷன்லயோ அடிபட்டிருந்தா வார் இஞ்சுரி பென்ஷன், அது இதவிட கூட. இன்னொன்னு ரொம்பப் பேருக்குத் தெரியாது, ரவுண்டிங் ஆஃப்னு ஒண்ணு இருக்கு, 50க்குக் கீழ இருக்கறது 50ஆவும், 50ல இருந்து 75 வரைக்கும் 75ஆவும், அதுக்கு மேல 100ஆவும் கணக்கு பண்ணுவாங்க. மொதல்ல இது உடம்பு முடியாம பாதில வெளிய அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க, 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சர்வீஸ் முடிச்சு ரிடையர் ஆனவங்களுக்கும் உண்டுன்னு சொல்லிடுச்சு. எங்க பக்கத்துல ஒரு ஹவில்தார் 30 பர்சென்ட்லயே வாங்கிட்டு இருந்தாரு, வருஷக்கணக்கா. யாரும் சொல்லல. 2023 செப்டம்பர் 21க்கு அப்புறம் வெளிய வந்தவங்களுக்கு விதி வேற, பழைய ஆளுங்க கணக்க வெச்சு அவங்களுக்கு அடிச்சு சொல்லாதீங்க. முழு ஊனமா இருந்து கூடவே ஒரு ஆள் வேணும்னு போர்டு எழுதியிருந்தா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தனியா உண்டு, அதுவும் வருதான்னு பாத்துக்கங்க.

இதுக்கெல்லாம் மொதல்ல போகவேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உதவி இயக்குநர்னு ஒருத்தர் இருப்பாரு, பெரும்பாலும் அவங்களே முன்னாள் ராணுவத்துக்காரங்க. கலெக்டர் ஆபீஸ்ல இவங்களுக்குன்னு குறைதீர் கூட்டமும் நடத்துவாங்க, தேதி கேட்டு வெச்சுக்கங்க. பென்ஷன் இப்போ ஸ்பர்ஷ்ங்கற பாதுகாப்புத்துறை ஆன்லைன் போர்ட்டல் வழியா வருது, நவம்பர் மாசம் லைஃப் சர்டிஃபிகேட் குடுக்கலன்னா பென்ஷன் நின்னு போயிடற ஆபத்து இருக்கு. கண்ணு தெரியாதவரு, கைரேகை அழிஞ்சவரு, படுக்கைல இருக்கறவரு, இவங்கல்லாம் சென்டர் சென்டரா அலையறது பெரிய கொடுமை. ஃபோன்லயே முகத்த காட்டி ஜீவன் பிரமான், அதான் அந்த லைஃப் சர்டிஃபிகேட்ட எடுக்கற வசதி வந்திருக்கு, உங்க ஊர் காலேஜ் பசங்க ரெண்டு பேரு நவம்பர் மொத வாரத்துல வீடு வீடா போனா முடிஞ்சுது. இது ஒரு பைசா செலவு இல்லாத வேலை, ஆனா நாங்க செஞ்சதுலயே ரொம்ப பிரயோஜனமா இருந்தது இதுதான்னு எனக்கு தோணுது.

கேஸ் போடற அளவுக்குப் போச்சுன்னா ஆயுதப்படை தீர்ப்பாயம், சென்னையிலயே பெஞ்ச் இருக்கு. வக்கீல் ஃபீஸுக்கு பயந்து விட்டுடவேண்டாம். 2025ல நால்சா, அதாவது தேசிய சட்டப்பணிகள் ஆணையம், ஆரம்பிச்ச வீர் பரிவார் திட்டத்துல படைவீரர் நல அலுவலகங்கள்லயே இலவச சட்ட உதவி மையம் வெக்கறாங்க, விசாரிங்க. "நான் வாங்கித் தரேன், வர்றதுல பாதி எனக்கு"ன்னு வர்ற ஏஜென்டுங்கள வாசப்படி ஏத்தாதீங்க. ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பெரியவங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்லுங்க, மொத்தமா அரியர் வந்து விழுந்த வாரம்தான் ஏமாத்தறவன் ஃபோன் பண்ணுவான்.

ஒரு விஷயம், சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.ல இருந்து அடிபட்டு வந்தவங்க இருந்தா அவங்க இந்த கணக்குல வரமாட்டாங்க. உள்துறைக்குக் கீழ வர்ற படை, பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லாமே வேற வழி, அவங்களுக்குன்னு தனி நல வாரியம் இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பி ஒருத்தர வேலூருக்கும் சென்னைக்கும் அலைய விட்டது எங்க தப்பு.

ஆஸ்பத்திரி விஷயம். ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் பென்ஷன்காரங்களுக்கு 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்ச ஈ.சி.எச்.எஸ்.ங்கற மருத்துவத் திட்டம் இருக்கு, போர்ல ஊனமானவங்களுக்கு சந்தா கிடையாது. மொதல்ல அந்தத் திட்டத்தோட பாலிக்ளினிக் போகணும், அங்க ரெஃபரல் வாங்கிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவசரம்னா நேரா எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் போலாம், ஆனா லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரின்னா 48 மணி நேரத்துக்குள்ள பாலிக்ளினிக்குக்கு சொல்லிடணும், இத மறந்து பணத்த இழந்தவங்க உண்டு. பாலிக்ளினிக் நம்பர வீட்டு செவுத்துல பெருசா எழுதி ஒட்டுங்க. கிராமத்துல இருந்து ஒரு வீல்சேர் ஆளு பாலிக்ளினிக் போய் வர்றதுக்கு ஒரு முழு நாளும் ஒரு காரும் ஒரு துணையும் வேணும், இங்கதான் ஊர்க்காரங்க வேணும். வண்டி வெச்சிருக்கறவங்க நாலு பேரு மாசத்துல ஆளுக்கு ஒரு நாள்னு எடுத்துகிட்டா போதும்.

உடம்புல ஸ்பிளின்டர், அதாவது குண்டு வெடிச்சு உள்ள பாஞ்ச உலோகத்துண்டு இருக்கறவங்க நம்ம ஊர்ப்பக்கம் நிறைய இருக்காங்க, 1987ல இருந்து 90 வரைக்கும் ஐ.பி.கே.எஃப்.னு சொல்ற இந்திய அமைதிப்படைல இலங்கைக்குப் போய்ட்டு வந்த பெரியவங்க முக்கியமா. அந்த சண்டைய பத்தி நமக்கெல்லாம் ஆயிரம் வலி, ஆயிரம் கருத்து இருக்கு, அதுக்காக 20 வயசுல அனுப்பி வெச்ச எடத்துக்குப் போய் கால்ல இரும்புத்துண்டு வாங்கிட்டு வந்தவர வயசான காலத்துல தனியா விடறது நியாயம் இல்ல. இப்ப அவங்களுக்கு 60 வயசு பக்கம் ஆயிடுச்சு, முட்டி வலி, முதுகு வலின்னு எம்.ஆர்.ஐ. எழுதிக் குடுப்பாங்க. உடம்புக்குள்ள உலோகத்துண்டு இருக்குன்னு ஸ்கேன் எடுக்கறவங்ககிட்ட கண்டிப்பா முன்னாடியே சொல்லணும், அந்த காந்தத்துல அது நகர்ந்தாலோ சூடானாலோ ஆபத்து. பெரியவரு மறந்துடுவாரு, கூட போறவங்க ஞாபகம் வெச்சுக்கங்க.

செயற்கைக்கால் பத்தி எங்களுக்கு பட்ட அனுபவம் இருக்கு. சித்தப்பாவுக்கு மொத கால் புனேல இருக்கற ஆர்டிஃபிஷியல் லிம்ப் சென்டர்ல போட்டது, 1944ல இருந்து நடக்கற இடம், அளவெடுத்து நடக்கவும் பழக்கி அனுப்புனாங்க. பல வருஷம் கழிச்சு அது தேஞ்சு போனப்ப, அவ்ளோ தூரம் போக முடியாதுன்னு பக்கத்துல நடந்த ஒரு இலவச கேம்ப்புல ஒண்ணு வாங்குனோம். மேடைல குடுத்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாளே சாக்கெட், அதான் மிச்ச கால் உள்ள நுழையற கிண்ணம், உரசி புண்ணு. அந்த ஃபோன் நம்பருக்கு திரும்ப எடுக்கவே இல்ல. அந்த கால் ஒரு வருஷம் கதவுக்குப் பின்னாடி நின்னுச்சு, அதப் பாக்கும்போதெல்லாம் சித்தப்பா மூஞ்சி மாறும். இதுல இருந்து சொல்றேன், கால் குடுக்கறது ஒரு நாள் வேலை இல்ல. மிச்சம் இருக்கற கால் நாளாக ஆக சுருங்கும், சாக்கெட் லூசாகும், சாக்ஸ் கூட ஒண்ணு போடணும், ஒரு கட்டத்துல சாக்கெட்டே மாத்தணும். கால கழட்டி 10, 15 நிமிஷம் ஆகியும் சிவந்த எடம் பழையபடி ஆகலன்னா அன்னிக்கு திரும்ப மாட்டக்கூடாது, சர்க்கரை இருந்தா இன்னும் ஜாக்கிரதை. நீங்க கேம்ப் நடத்துறீங்கன்னா 2 வாரம் கழிச்சு ஒரு தடவை, 3 மாசம் கழிச்சு ஒரு தடவை அதே டெக்னீஷியன் வருவாரான்னு கேட்டு உறுதி பண்ணிட்டு நடத்துங்க. 100 பேருக்கு குடுத்து 40 கால் கதவுக்குப் பின்னாடி நிக்கறதவிட 30 பேருக்கு ஒழுங்கா குடுக்கலாம். சென்னைல கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, வேலூர்ல சி.எம்.சி.ல மேரி வர்கீஸ் டாக்டர் பேர்ல புனர்வாழ்வு மையம் இருக்கு, அந்தம்மா 1954ல ஆக்சிடென்ட்ல ரெண்டு காலும் செயலிழந்து வீல்சேர்ல உக்காந்துகிட்டே ஆபரேஷன் பண்ணவங்க. இல்லாத கால் வலிக்குதுன்னு சொன்னா மனப்பிரமைன்னு தள்ளிடாதீங்க, அது நிஜமான வலி, அதுக்கு மருந்தும் இருக்கு, கண்ணாடிய வெச்சு செய்ற பயிற்சியும் இருக்கு.

எதிர்த்தெரு அண்ணன் கதை வேற. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு எமன் படுக்கைப்புண்ணும் யூரின் இன்ஃபெக்‌ஷனும்தான். படுக்கைல 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும், வீல்சேர்ல இருந்தா கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை கைய ஊனி உடம்ப தூக்கிக்கணும். உணர்ச்சி இல்லாததால சூடான தண்ணி, எறும்பு, எலி கடிச்சாகூட தெரியாது. தினம் ராத்திரி ஒரு கைக்கண்ணாடி வெச்சு பின்பக்கம், குதிகால் எல்லாம் பாக்கணும், சிவப்பா இருந்தா அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. முதுகுத்தண்டுல நெஞ்சு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு திடீர்னு மண்டைய பொளக்கற தலைவலி, வேர்வை வந்தா யூரின் ட்யூப் அடைச்சிருக்கான்னு ஒடனே பாருங்க, நிமிர்த்தி உக்கார வைங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, அதுல பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்து. ஊர் உதவி இங்க எப்படி இருக்கணும்னா, மாசாமாசம். ட்யூப், யூரின் பேக், டயபர், ஆட்டோ செலவு எல்லாம் மாசாமாசம் வர்றது. நாங்க 20 வீடு சேர்ந்து ஆளுக்கு 200 ரூபா, மாசம் 4,000, அத அந்த மெடிக்கல் ஷாப்லயே கட்டிடறோம், அண்ணன் கைல குடுக்கறது இல்ல, அவரு கூச்சப்பட வேண்டியதும் இல்ல. கணக்கு அண்ணியும் கடைக்காரரும் வெச்சிருக்காங்க.

வீட்ட மாத்தறதுக்கு கொத்தனார் வந்து ஒரு ஞாயித்துக்கிழமை இலவசமா செஞ்சு குடுத்தாரு, ஆனா மொத தடவை தப்பாயிடுச்சு, வண்டி ஏத்தறதுக்கு வாசல்ல ஒரு செங்குத்து சாய்ப்பு போடுவோம்ல, அதே மாதிரி போட்டுட்டாரு. அதுல வீல்சேர் ஏறாது, எறங்குனா குப்புற விழும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், இடம் பத்தலன்னா திருப்பி மடக்கிப் போடணும். கதவு 3 அடி அகலம். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி இருக்கணும், உள்ள விழுந்துட்டா எப்படி தொறப்பீங்க.

மனசு விஷயம் எழுதக் கொஞ்சம் தயக்கம்தான், இருந்தாலும் சொல்லணும். சித்தப்பா தீபாவளி அன்னிக்கு ரூம விட்டு வரமாட்டாரு. எங்க தெருவுல இப்போ பசங்ககிட்ட சொல்லி வெடி போடற நேரத்த முன்னாடியே அவருக்கு சொல்லிடறோம், எப்ப சத்தம் வரும்னு தெரிஞ்சா அவரால தாங்க முடியுது, திடீர்னு வந்தாதான் முடியல. தூக்கம் இல்லாம இருக்கறது, யார்கூடவும் பேசாம இருக்கறது, சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழறது, குடி, இதெல்லாம் திமிர் இல்ல. 14416 டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க. உயிர விடற மாதிரி பேச்சு வந்தா தனியா விடாதீங்க, கூடவே இருந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னொன்னு, சொந்தக்காரங்க பாதிப்பேரு அவர தேடி வர்றதே மிலிட்டரி கேன்டீன் கோட்டா சரக்கு பாட்டிலுக்குத்தான். குடிய விடப் போராடிட்டு இருக்கற மனுஷன்கிட்ட போய் அத கேக்காதீங்க, அது பெரிய பாவம்.

அப்புறம் அவருக்குன்னு ஒரு வேலை, ஒரு ஆர்வம். எக்ஸ் சர்வீஸ்மேன்னாலே செக்யூரிட்டி வேலைன்னு ஆயிடுச்சு, ஒத்தக்கால்ல 12 மணி நேரம் நிக்க முடியுமா. 1917ல பம்பாய்ல ஆரம்பிச்சு பின்னாடி புனே கட்கிக்கு வந்த குயின் மேரி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்னு ஒண்ணு ஊனமான சிப்பாய்களுக்கே தொழில் கத்துக் குடுக்குது. சொந்தமா கடை, பட்டறை வெக்கணும்னா தமிழ்நாடு அரசோட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்துல கடனும் மானியமும் உண்டு, அந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் குடுக்க உங்க ஊர்ல ஒரு பேங்க்காரரோ ஆடிட்டரோ இருந்தா அதுவே பெரிய உதவி. விளையாட்டும் சாதாரண விஷயம் இல்ல. 1965 சண்டைல குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972ல நீச்சல்ல இந்தியாவுக்கு மொத பாராலிம்பிக் தங்கம் வாங்குனாரு. ஹொகாட்டோ செமா, எங்க சித்தப்பா மாதிரியே 2002ல கண்ணிவெடில இடது கால் போனவரு, 30 வயசுக்கு மேல குண்டு எறிய ஆரம்பிச்சு 2024 பாரிஸ்ல வெண்கலம். அந்த ஃபைனல சித்தப்பாவுக்கு ஃபோன்ல போட்டுக் காட்டுனேன், ரெண்டு தடவை பாத்தாரு. தென்காசி பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம் இருக்கு, அத 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயா நேவி ஆபீசர் செலக்‌ஷன் டெஸ்ட்ல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்தவரு, தனக்கு வைத்தியம் பாத்த ஏர்ஃபோர்ஸ் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரத்தான் சங்கத்துக்கு வெச்சாரு. புனர்வாழ்வுன்னா என்னன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை போய் பாருங்க.

உங்க ஊர்ல அப்படி யாரும் இல்ல, பணமா குடுக்கணும்னா டிசம்பர் 7 கொடிநாள், 1949ல இருந்து நடக்குது. ஸ்கூல்ல, ஆபீஸ்ல குடுக்கற அந்த சின்ன கொடிக்கு பாக்கெட்ல இருக்கற சில்லறைய போட்டுட்டுப் போகாம கொஞ்சம் நெனச்சுப் பாத்துப் போடுங்க. மத்தியில ஆயுதப்படை கொடிநாள் நிதி இருக்கு, கேந்திரிய சைனிக் போர்டு நடத்துது, ஆன்லைன்லயே கட்டலாம், பழைய வரி முறைல இருக்கறவங்களுக்கு வரிச்சலுகை உண்டு. சண்டைல உயிர் போனவங்க, பலமா அடிபட்டவங்களுக்குன்னு தனி நிதி, அதுக்கு 2022ல மா பாரதி கே சபூத்னு ஒரு வெப்சைட் தொறந்தாங்க. கம்பெனில இருக்கறவங்க, சமூகப்பணிக்கு கம்பெனி ஒதுக்கற சி.எஸ்.ஆர். பணத்த பத்தின மீட்டிங்ல பேசுங்க, முன்னாள் படைவீரர் நலன் அந்த சட்ட லிஸ்ட்லயே இருக்கு. வாட்ஸ்அப்ல வர்ற "தினம் ஒரு ரூபா ஆர்மிக்கு" ஃபார்வேர்ட நம்பி அனுப்பாதீங்க, 2025 ஏப்ரல்ல பாதுகாப்பு அமைச்சகமே அது தப்பான தகவல்னு விளக்கம் குடுத்துச்சு. ஊர்ல நீங்களே வசூல் பண்றீங்கன்னா ரெண்டு பேரு கையெழுத்து இருக்கற அக்கவுண்ட், மாசக் கடைசில கணக்க க்ரூப்ல போடறது, அடிபட்ட ஃபோட்டோவ அவரு சம்மதம் இல்லாம எங்கயும் போடாம இருக்கறது, இது மூணும் இல்லன்னா ஆரம்பிக்கவே வேண்டாம்.

அப்புறம் அந்த வீட்டுப் பொம்பளைங்க. எதிர்த்தெரு அண்ணிக்கு கல்யாணம் ஆகி மூணாம் வருஷம் அண்ணனுக்கு அடிபட்டுச்சு, அதுல இருந்து அவங்க ஒரு ராத்திரி முழுசா தூங்குனது இல்ல. போன தை மாசம் அவங்க தங்கச்சி பொண்ணு கல்யாணம் ஆரணில, போகமாட்டேன்னாங்க. நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் ரெண்டு வாரம் முன்னாடியே போய் கத்துகிட்டோம், எப்படித் திருப்பறது, பேக் எப்ப மாத்தறது, ராத்திரி எத்தன மணிக்கு என்ன மாத்திரைன்னு. அண்ணி ஒரு நோட்டுல எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதிக் குடுத்துட்டு, அப்பவும் பஸ் ஏறுன அப்புறம் நாலு தடவை ஃபோன் பண்ணாங்க. ரெண்டு நாள் இருந்துட்டு வந்தாங்க. அந்த நோட்டு இப்பவும் எங்க வீட்டுல இருக்கு, வைகாசில அவங்க ஊர் திருவிழா வருது, அதுக்கு இப்பவே மூணாவதா ஒரு ஆள பழக்கிட்டு இருக்கோம்.